இலையுதிர் காலப் படங்களில் நிறம் எங்கே ஒளிந்துகொள்கிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

கோடையெல்லாம் பச்சையாக நின்ற பிர்ச் மரம் சில வாரங்களில் மஞ்சளாகிவிடுகிறது. அந்த மஞ்சள் புதிதாக வந்ததில்லை. கரோட்டினாய்டு என்ற நிறமி இலைக்குள் முன்பே இருக்கிறது. பச்சையம் அதை மூடி வைத்திருந்தது. பகல் குறுகி, குளிர் ஏறியதும் பச்சையம் சிதைகிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் வேறு கதை. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை இலை பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் தயாரிக்கிறது.

படத்திலும் நான் கண்டது மஞ்சள் இலையின் கதையைத்தான். நிறம் போதவில்லை என்று தோன்றும் கோப்புக்குள் பெரும்பாலும் நிறம் இருக்கிறது, ஏதோ ஒன்று அதை மூடியிருக்கிறது. நிறச் செறிவைக் கூட்டும் சாச்சுரேஷன் ஸ்லைடரைத் தள்ளினால் மூடியிருப்பதும் சேர்ந்து நிறமேறும். மூடியது எது என்று கண்டுபிடித்து விலக்கினால் இலை தானாக வெளியே வரும்.

கீழே தலைப்புகளெல்லாம் அறிகுறிகள். உங்கள் படத்தோடு பொருந்துவதற்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் கேமரா சேமிக்கட்டும். இங்கே சொல்லும் திருத்தங்கள் பல ஜேபெக்கில் முழுதாக நடக்காது. அப்புறம், எடுத்த படத்தைப் பார்க்கும் திரையில் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) விட்டுவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்பது இரண்டாவது தலைப்பில் புரியும்.

## நேரில் தங்கமாக நின்ற மரம் படத்தில் வெளிறிக் கிடக்கிறது

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். காட்சியில் ஒரு நிறம் மேலோங்கினால் அதை விளக்கின் குறையாக எடுத்துக்கொண்டு சமன்செய்வது அதன் வேலை. மஞ்சள் பல்பின் கீழே அது நல்ல வேலைதான். படச்சட்டம் முழுக்க மஞ்சள் இலை நிறைந்திருந்தாலும் அது அதையே செய்கிறது. நீலத்தைக் கூட்டி மஞ்சளை அமுக்கிவிடுகிறது.

அசையாமல் நின்று இரண்டு படம் எடுங்கள், ஒன்று ஆட்டோவில், ஒன்று டேலைட் அமைப்பில். இரண்டாவதில் தங்கம் திரும்பி வந்தால் காரணம் அதுதான். நேர் வெயிலுக்கு 5200 முதல் 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு), மேகமூட்டத்துக்கு 6000 முதல் 6500, நிழலுக்கு 7000 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே என்று தொடங்கலாம். ரா கோப்பில் இதைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். இருந்தாலும் மரத்தடியிலேயே ஓர் அமைப்பில் நிறுத்திவிடுவது நல்லது என்பேன். ஆட்டோவில் விட்டால் ஒரே மரம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறத்தில் வரும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபின் கண் பார்த்தது எந்த நிறம் என்று நினைவில் இருக்காது.

டேலைட்டில் வைத்தும் வெளிறியே இருந்தால் ஒளி கூடிவிட்டது. மஞ்சள் இலை இயல்பிலேயே வெளிச்சமானது. அதைச் சுற்றி இருண்ட அடிமரங்கள் இருந்தால் கேமரா அந்த இருட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கூடுதல் ஒளியை விடுகிறது. கேமரா கணித்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது).

வெயிலில் நிற்கும் மரம் சரியாக இருந்து, அதன் நிழலில் கிடக்கும் சருகுகள் மட்டும் நீலமாக இருந்தால் அது பிழையே இல்லை. மேகமற்ற நாளில் நிழலுக்கு ஒளி தருவது நீல வானம். கொஞ்சம் நீலம் இருந்தால்தான் வெயிலின் சூடு எடுத்துக்காட்டும். நான் அதைத் தொடுவதே இல்லை.

## சிவப்பு இலைகள் ஒரே திட்டாகிவிட்டன, நரம்புகூடத் தெரியவில்லை

இந்தப் பருவத்தில் அதிகப் படங்களைக் கெடுப்பது இதுதான். எடுக்கும்போது தெரியவே தெரியாது என்பது இதன் சிக்கல்.

வெள்ளை ஹிஸ்டோகிராம் பிரகாசத்தைக் காட்டுகிறது. பிரகாசக் கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதப் பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. ஆக, ஓர் இலையில் சிவப்பு உச்சத்தைத் தொட்டு வழிந்துகொண்டிருந்தாலும், பச்சையும் நீலமும் குறைவாக இருப்பதால் வெள்ளை ஹிஸ்டோகிராம் நடுவிலேயே சாதுவாக நிற்கும். எல்லாம் சரி என்று நினைத்துக் கிளம்பிவிடுவோம். மூன்று நிற ஹிஸ்டோகிராமில் பார்த்தால் சிவப்பு மேடு வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

களத்தில் இருக்கிறீர்கள் என்றால் சிவப்பு மேடு சுவரை விட்டு விலகும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை போதும். படம் மொத்தத்தில் இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நிழல்களைப் பிறகு தூக்கிவிடலாம், வழிந்துபோன சிவப்பைத் திரும்பப் பெறுவதுதான் கடினம். கேமராவின் படப் பாணி 'விவிட்' அல்லது 'லேண்ட்ஸ்கேப்' என்று இருந்தால் 'நியூட்ரல்' ஆக்குங்கள். ஹிஸ்டோகிராம் ரா கோப்பிலிருந்து வருவதில்லை. கேமரா தயாரிக்கும் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருகிறது. பாணியில் ஏற்றிய நிறமும் அதில் கலந்துவிடும்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? அப்படியென்றால் முதலில் சேதம் எங்கே நடந்தது என்று பாருங்கள். திருத்தும் மென்பொருளில் ரா கோப்பைத் திறந்து, சாச்சுரேஷன், வைப்ரன்ஸ், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்குங்கள். ஒயிட் பேலன்ஸைத் தற்காலிகமாகக் குளிர்ச்சிப் பக்கம், அதாவது நீலப் பக்கம், நகர்த்துங்கள். பகல் ஒளிப் படங்களில் மென்பொருள் சென்சாரின் சிவப்புத் தகவலைப் பெருக்கித்தான் காட்டுகிறது. அந்தப் பெருக்கம் குறைந்ததும் இலை நரம்புகள் எட்டிப் பார்த்தால் சென்சாரில் தகவல் பத்திரமாக இருக்கிறது. கெட்டது உங்கள் ஸ்லைடர்களால்தான். மெதுவாக, சிவப்பு மேட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு மறுபடி கட்டுங்கள். நரம்பு எதிலும் தெரியவில்லை என்றால் சென்சாரிலேயே நிரம்பிவிட்டது. அப்போது சிவப்பின் சாச்சுரேஷனையும் பிரகாசத்தையும் குறைத்துத் திட்டைக் கொஞ்சம் அடக்கலாம், அவ்வளவுதான்.

திரையில் நரம்பு தெரிந்து, ஏற்றுமதி செய்த ஜேபெக்கில் மட்டும் மறைந்தால்? எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளிக்குள் (ஒரு கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) அந்தச் சிவப்பு அடங்கவில்லை. சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் சாச்சுரேஷனையும் பத்துப் புள்ளி குறைத்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். நிறம் குறைந்ததுபோலத் தோன்றாது. நரம்புகள் திரும்பி வந்ததால் இலை இன்னும் செழிப்பாகவே தெரியும்.

## இலைகள்மேல் வெண்பூச்சு பூசியதுபோல இருக்கிறது

இலையின் மேற்பரப்பில் மெழுகுப் படலம் இருக்கிறது. வானத்தின் வெண்மையும் நீலமும் அதில் பட்டுத் தெறித்து இலையின் சொந்த நிறத்தை மூடிவிடுகின்றன. மழை பெய்து ஓய்ந்த பின் இது இன்னும் மோசம். நனைந்த இலைக்கு நிறம் அடர்த்திதான், ஆனால் அதன்மேல் ஈரம் கண்ணாடிபோல மின்னும்.

இதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. மின்னும் இடத்தில் இலையின் நிறம் மிகக் கொஞ்சமே பதிவாகியிருக்கும். தேவை வட்டப் போலரைசர் வடிகட்டி. இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு துணைக்கருவி எடுத்துப்போகலாம் என்றால் நான் ட்ரைபாடைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் வெண்பூச்சு விலகி, இலை உள்ளிருந்து நிறமேறியதுபோல மாறும். நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது விளைவு மிக அதிகம். நேர் மேலிருந்து பார்த்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது.

போலரைசர் வெயில் நாளுக்குத்தான் என்று பலர் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். மேகமூட்டத்தில்தான் நான் அதை அதிகம் மாட்டுகிறேன். இலையில் தெறிப்பது வெயில் மட்டுமில்லை, வெளுத்த வானமும்தான்.

போலரைசர் போட்ட பிறகு வரும் புதுத் தொல்லைகள்:

- வானத்தின் ஒரு பாதி கருநீலம், மறு பாதி வெளிர்நீலம். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான் வடிகட்டி வானத்தை அதிகம் இருட்டாக்கும். வைட் லென்ஸ் அந்தப் பட்டையையும் அதற்கு வெளியே இருப்பதையும் சேர்த்தே பிடிக்கும். லென்ஸைக் குறுகிய கோணத்துக்கு மாற்றுங்கள், அல்லது வடிகட்டியைப் பாதி வலிமைக்குத் திருப்புங்கள்.
- படங்கள் திடீரென்று கலங்கலாகின்றன. வடிகட்டி ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்குவதால் ஷட்டர் மெதுவாகிவிட்டது. ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன்) ஏற்றுங்கள்.
- ஓடையில் மிதந்த மரங்களின் நிழலுருவம் காணாமல் போய்விட்டது. பிரதிபலிப்பும் தெறித்த ஒளிதான். எது வேண்டும் என்று பார்த்துச் சுழற்றுங்கள்.

## வானம் வெள்ளைத் தாளாக இருக்கிறது

மேகமூட்டம் இலைகளுக்கு மிக நல்ல ஒளி, வானத்துக்கு இல்லை. வானத்தைச் சட்டத்திலிருந்து விலக்குங்கள். நல்ல இலைப் படங்கள் பலவற்றில் வானமே இருக்காது. வானம் வேண்டியே தீரும் என்றால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து இணைக்கலாம். காற்று வீசும்போது கிளை நுனிகள் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கும் என்பதால் இணைப்பில் பேயுருவம் வரும்.

## மூடுபனி அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கவே முயலும். பனி சாம்பலைவிட வெளிச்சமானது. மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டினால் வெண்மை வரும். முந்தைய தலைப்புகளில் குறைக்கச் சொன்னதற்கு நேரெதிர் இது. பனிக்குள் சிவப்பு இலைகள் அடங்கியே தெரிவதால் வழியும் ஆபத்தும் குறைவு. ஆனாலும் ஹிஸ்டோகிராமை ஒரு தரம் பாருங்கள்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் அருகிலிருக்கும் அடிமரத்தின் விளிம்பில் பிடியுங்கள். ஆட்டோஃபோகஸுக்கு மாறுபாடு வேண்டும், பனி அதைத்தான் எடுத்துவிட்டது.

திருத்தும்போது மூட்டத்தை நீக்கும் 'டீஹேஸ்' ஸ்லைடரைப் பனிப் படத்தில் பிளஸ் பக்கம் நகர்த்தாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பனிதான் அந்தப் படத்துக்கு ஆழம் தருகிறது. முன்னால் நிற்கும் மரம் கருமை, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது கோடு மாதிரி, கடைசியில் வெறும் வெள்ளை. அந்த ஏணியை ஒரு ஸ்லைடர் அழித்துவிடும். முன்மரத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (திருத்தம் அங்கே மட்டும் விழும்படி எல்லை குறித்து) கருப்பைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள், பின்னாலிருக்கும் பனி இன்னும் மென்மையாகத் தெரியும்.

## கூர்மை இல்லை

100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எது கலங்கியிருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

அடிமரம் கூர்மை, இலை மட்டும் கலங்கல் என்றால் காற்று. நொடியில் 250இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமான ஷட்டர் வேண்டும். உதிரும் இலையை அந்தரத்தில் நிறுத்த 500இல் ஒரு பங்கு, அருகில் விழுவது என்றால் 1000இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ ஏறட்டும். அதனால் வரும் மணல்போன்ற புள்ளிகளை (நாய்ஸ்) குறைக்கலாம், கலங்கலை நீக்க முடியாது. வேகத்தை ஏற்ற மனமில்லையென்றால் காத்திருங்கள். காற்று மூச்சுவிட்டு ஓயும் இடைவெளி வந்தே தீரும்.

அடிமரமும் கல்லும்கூடக் கலங்கி, எல்லாம் ஒரே திசையில் இழுத்ததுபோல இருந்தால் கை அசைந்திருக்கிறது. ட்ரைபாடில் வைத்தும் அப்படியே வந்தால் ட்ரைபாடின் கால்களைப் பாருங்கள். சருகுமெத்தைமேல் நிற்கும் ட்ரைபாட் மெத்தைமேல் நிற்பதுதான். சருகை ஒதுக்கி மண்ணில் ஊன்றுங்கள். பழைய லென்ஸ்களில் அதிர்வுத் தடுப்பை அணைக்கவும் வேண்டும்.

முன்னால் கூர்மை, பின்னால் இல்லை என்றால் அபர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, பெரிதாக இருக்கிறது. எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும். எஃப்/8 அல்லது எஃப்/11 வரை போங்கள். மரக்கூட்டம் முழுவதும் சீராக, லேசாக மழுங்கியிருந்து, அபர்ச்சர் எஃப்/22 என்று இருந்தால் அது ஒளிவிளிம்பு வளைவு. சிறிய துளையில் ஒளி பரவிவிடுகிறது. சூரியனை நட்சத்திரமாக்க எஃப்/16 வரை போகலாம், அதற்குமேல் வேண்டாம்.

இன்னொன்று: பதிவில் கூர்மையாக இருந்து, திருத்தியபின் இலைகள் நீர்வண்ண ஓவியம்போல் குழைந்திருந்தால் நாய்ஸ் குறைப்பு ஸ்லைடர் மிகை. சிறிய இலைகளையும் மணல்போன்ற புள்ளிகளையும் மென்பொருளால் எளிதில் பிரித்தறிய முடியாது. நிறப் புள்ளிகளை மட்டும் நீக்கி, பிரகாசப் புள்ளிகளைக் கொஞ்சம் விட்டுவைத்தால் இலை பிழைக்கும்.

## எல்லாம் சரி, ஆனாலும் படம் குப்பைமேடுபோல இருக்கிறது

ஒளி சரி, நிறம் சரி, கூர்மையும் சரி. ஆனால் கண்ணுக்கு உட்கார இடமில்லை. காடு அப்படித்தான், நாம் அங்கே நிற்கும்போது தலையைத் திருப்பித் திருப்பி வேண்டியதை மட்டும் பார்க்கிறோம், லென்ஸ் எல்லாவற்றையும் பார்க்கிறது.

வைட் லென்ஸைக் கழற்றி 70 முதல் 200 மில்லிமீட்டர் வரை உள்ள ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நூறு மரத்தில் ஒரு மரம். ஒரு மரத்தில் ஒரு கிளை. சிவப்புக் கிளைக்குப் பின்னால் இருண்ட பைன் மரங்கள் கிடைத்தால் அதைவிட நல்ல பின்னணி இல்லை. சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்து, ஓரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெளிச்சமான குச்சிகளை வெளியேற்றுங்கள். திருத்தும்போதும் அப்படியே, நாயகக் கிளையைத் தூக்குவதற்குப் பதில் மற்றவற்றின் பிரகாசத்தைக் கால் ஸ்டாப் இறக்கிப் பாருங்கள்.

## முகம் மஞ்சள் காமாலை வந்ததுபோல இருக்கிறது

மஞ்சள் மரத்தின் அடியில் நிற்பவர்மேல் விழும் ஒளி இலைகளின் ஊடாகவும் தரையில் கிடக்கும் சருகில் பட்டும் வருகிறது. முகத்தில் மஞ்சள் உண்மையிலேயே விழுந்திருக்கிறது. மொத்தப் படத்தின் ஒயிட் பேலன்ஸைத் திருத்தினால் முகம் தேறும், மரம் சாகும்.

எடுக்கும்போது அவரை மரக்குடையின் விளிம்புக்கு, திறந்த வானத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். மரம் பின்னணியில் இருந்தால் போதும். எடுத்தபின் என்றால் தோலை மட்டும் மாஸ்க் செய்து, அங்கே வெப்பநிலையைக் குளிர்ச்சிப் பக்கம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஆரஞ்சு ஸ்லைடரை ஒட்டுமொத்தமாகத் தொட வேண்டாம். மனிதத் தோல் எந்த நிறமானாலும் பெரும்பாலும் ஆரஞ்சின் எல்லைக்குள்தான் விழுகிறது, இலையைக் கூட்டினால் முகமும் கூடும்.

## திருத்தியபின் புல் எலுமிச்சைபோல் ஒளிர்கிறது

இலையின் மஞ்சளைக் கூட்டியிருப்பீர்கள். புல் நம் கண்ணுக்குப் பச்சை. மென்பொருளின் கணக்கில் அதன் பெரும் பங்கு மஞ்சள். மஞ்சள் ஸ்லைடரைத் திரும்ப இறக்கி, மரத்துக்குத் தனியாக மாஸ்க் போட்டு அங்கே மட்டும் ஏற்றுங்கள். புல்லின் நிறச்சாயலை லேசாகப் பச்சைப் பக்கம் திருப்பிச் சாச்சுரேஷனைக் குறைத்தால் அது பின்வாங்கும், மரம் முன்வரும்.

மரமே போலியாக, நெருப்புப் பிடித்ததுபோல் இருந்தால் சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கிவிட்டு வைப்ரன்ஸிலிருந்து தொடங்குங்கள். அது ஏற்கெனவே செழித்த நிறங்களை அதிகம் தொடாமல் மங்கியவற்றைத் தூக்கும். இன்னொரு காரணமும் இருக்கலாம். எல்லா இலையையும் ஒரே ஆரஞ்சுக்குத் தள்ளியிருப்பீர்கள். உண்மையான மரத்தில் பாதி பச்சை, எலுமிச்சை, தேன், செம்பு, காய்ந்த பழுப்பு எல்லாம் ஒரே கிளையில் இருக்கும். அந்த வேறுபாடு போனால்தான் கண் பொய்யென்று சொல்கிறது. மிச்சமிருக்கும் பச்சையை மஞ்சளாக்காதீர்கள், சிவப்பை எடுத்துக்காட்டுவது அதுதான்.

## கைபேசியில் எடுத்தால் எல்லாம் தட்டையாக இருக்கிறது

கைபேசி பல படங்களை இணைத்து நிழலைத் தானாகத் தூக்கிவிடும். ஒளிரும் இலையைச் சுற்றி இருட்டு இல்லாததால் ஒளிர்வும் தெரிவதில்லை. இலையைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியையும் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள். உங்கள் கைபேசி ரா கோப்பு தரும் என்றால் அதையே பயன்படுத்துங்கள்.

## படம் முழுக்க மங்கலான திரை, லென்ஸில் ஈரம்

குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கண்ணாடியில் ஈரம் படியும். வெளியிலேயே கேமராவைப் பையில் போட்டு மூடிக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்தால் உதிரி ஒன்றைச் சட்டையின் உள்பையில் உடல்சூட்டில் வைத்திருங்கள்.

## என் திரையில் அழகு, வேறு திரையில் நிறம் மாறுகிறது

வேறு திரைகளில் மங்கலாக வந்தால் கோப்பு அடோபி ஆர்ஜிபி என்ற இன்னும் விரிந்த நிறவெளியில் ஏற்றுமதியாகியிருக்கலாம். அதைப் படிக்கத் தெரியாத செயலி சிவப்பை வெளிறக் காட்டும். பகிர்வதற்கு எஸ்ஆர்ஜிபி போதும்.

இரவில் திருத்தியது காலையில் நீலமாகத் தெரிந்தால் கணினியில் இரவு ஒளி அமைப்பு ஓடியிருக்கிறது. திரை தானாக மஞ்சளேறியதால், நீங்கள் அதை ஈடுகட்ட நீலத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். இது எனக்கே நடந்தது. ஒரு மாலை முழுவதும் திருத்திய பீச் மரங்களைக் காலையில் பார்த்தபோது அவை மார்கழிக் குளிரில் நின்றன. அதன்பின் திருத்த உட்காரும்போது நான் முதலில் அணைப்பது அந்த அமைப்பைத்தான்.

அச்சில் இருட்டாக வந்தால் திரையின் பிரகாசம் அதிகம். அச்சுக்குத் திருத்தும்போது சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை வைப்பது வழக்கம். அளக்கும் கருவி இல்லையென்றால் திரைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளை அதைவிடக் கண்ணைக் கூசாத அளவுக்கு இறக்குங்கள். பெரிய அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தின் மிகச் சிவந்த மூலையை மட்டும் சிறிதாக அச்சிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இலை நரம்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். மேசை விளக்கின் மஞ்சளில் பார்த்தால் நிறத்தின் குறை தெரியாது.